அறுபத்து மூன்றாவது ஓடு

யெருஹாம்
30 மார்ச் 1976

மதிப்பிற்குரிய டாக்டர் கெர்டா ஹிர்ஷ் அவர்களுக்கு,

உங்களுக்கு நேரடியாக எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். அகழாய்வு முகாமில் நான் உங்களோடு பேசியதே இரண்டு முறைதான். ஒரு முறை, "தண்ணீரை மாற்றட்டுமா?" என்று கேட்டேன். இன்னொரு முறை நீங்கள் ஏதோ கேட்டதற்கு "ஆம்" என்றேன். அதனால் என்னை உங்களுக்கு நினைவிருக்காது. பானை ஓடு கழுவும் மேசையின் கடைசியில், பச்சைத் தலைத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் நான்தான்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அகழாய்வுத் தலைவருக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். இரண்டு முறை உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நாற்பத்தோராம் பெட்டியைக் கவனமாகப் பார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கிடங்குக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. பஸ்கா பண்டிகைக்கு முன் எல்லாப் பெட்டிகளையும் முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் யாரையும் கேட்காமல் நாற்பத்தோராம் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். நீங்கள் சொல்லியபடி ஒவ்வொரு ஓட்டையும் முதலில் தண்ணீரில் முக்கி, வெயிலில் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்து, மை இல்லை என்று தெரிந்த பிறகே பிரஷ்ஷைத் தொடுவதாக இருந்தேன். ஆனால் பெட்டியைத் திறக்கும் முன் நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தர பேர் ஷேவா போக வேண்டியிருந்தது.

சாயங்காலம் திரும்பினால் மொட்டைமாடியில் வெள்ளைத் துப்பட்டி விரித்து, அதன் மேல் ஓடுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அம்மா, முழங்கை வரை சிவந்த கைகளோடு.

"வந்துட்டியா? பாரு, உன் ராஜாக்களோட சட்டிபானை எல்லாம் பண்டிகைக்கு ரெடி."

"அம்மா, என்ன போட்டுத் தேய்ச்சே?"

"என்ன போடல? சோப்பு, அப்புறம் ப்ளீச். எத்தனை வருஷத்து அழுக்கு, சும்மா போயிடுமா? எந்த மகராசி வீட்டு அடுப்படியோ, பாவம்."

அம்மா விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். புளித்த மாவின் துணுக்குகூட வீட்டில் தங்கக் கூடாது என்று பஸ்காவுக்கு முந்தைய இரண்டு வாரம் அவள் கண்ணில் பட்ட எதுவும் தப்பாது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பெட்டி அட்டையில் அறுபத்து மூன்று ஓடுகள் என்று எழுதியிருக்கிறது. நான் நான்கு முறை எண்ணினேன். அறுபத்திரண்டுதான் இருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
ருஹாமா எல்கயாம்

*

எருசலேம்
2 ஏப்ரல் 1976

செல்வி எல்கயாம்,

உங்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மேசையில் தண்ணீரை மாற்றட்டுமா என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள். மற்றவர்கள் சேற்றில் சேற்றைக் கழுவினார்கள். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

அகழாய்வின் உதவிப் பதிவாளர் வேலைக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைத்து ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். மே 3 அன்று குழு கூடுகிறது. அந்தத் தாள் இப்போது என் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. அங்கிருந்து அது எங்கே போகும் என்பது எனக்கே தெரியாது.

நாற்பத்தோராம் பெட்டியைப் பற்றி நான் ஏன் எழுதினேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் தோண்டிய கோட்டையின் அதே அறையிலிருந்து நாற்பதாம் பெட்டியில் ஓர் ஓடு வந்தது. மையால் எழுதிய ஒரு கடிதத்தின் மேல்பாதி. நான் படித்த வரை இப்படி:

"என் தலைவன் பெலத்தியாவுக்கு, உம் அடியான் மிக்னேயா. உமக்கு எழுத நான் யார்? ஆயினும் எழுதுகிறேன். என் தலைவன் கோபம் கொள்ளாமல் கேட்பாராக. நான் கேட்பது—"

அங்கே ஓடு உடைந்திருக்கிறது. உடைப்பு பழையதல்ல, நம் மண்வெட்டி பட்டது. ஆகவே கீழ்ப்பாதி அந்த அறையின் அடுத்த பெட்டியில், அதாவது உங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

நம் முன்னோர்களைப் பற்றி நம் கையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எகிப்து அரசன் ஒருவன் நம்மைப் பூண்டோடு அழித்துவிட்டதாகக் கல்லில் வெட்டி வைத்தான். வெளியார் நம்மைக் குறிப்பிட்டதில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய செய்தியே அதுதான். மற்றதெல்லாம் நம்மவர்கள் பிரதிக்கு மேல் பிரதி எடுத்தது. எடுத்தவன் ஒவ்வொருவனும் தன் காலத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் தொட்டிருப்பான். எதிரியும் தொடாமல், பக்தனும் தொடாமல் வந்து சேருவது இந்த ஓடு மட்டும்தான். அதை உங்கள் தாயார் ப்ளீச் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

சாக்கடைக் குழாயைத் திறந்து பாருங்கள். மாடி, படிக்கட்டு, துப்பட்டியின் மடிப்பு எல்லாம் பாருங்கள். அறுபத்திரண்டு ஓடுகளையும் அப்படியே பேருந்தில் எனக்கு அனுப்புங்கள். தலைவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மே 3 வரை சொல்லாமல் இருப்பேன். அதற்கு மேல் முடியாது.

உங்கள் தாயாருக்கு எழுத்து தெரியுமா?

கெ. ஹிர்ஷ்

*

யெருஹாம்
6 ஏப்ரல் 1976

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

ஓடுகளை இன்று மதியப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். விடுதியின் பழைய துவாலைகளில் சுற்றியிருக்கிறேன். துவாலைகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

சாக்கடையைத் திறந்தேன். ஒரு கரண்டியும், போன வருடம் தொலைந்த அம்மாவின் தையல் விரலுறையும் கிடைத்தன. பக்கத்து மாடியிலிருந்து ஸுலைகா அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். "பட்டம் வாங்குனது இதுக்குத்தானா, பெண்ணே? எங்க வீட்டுச் சாக்கடையும் அடைச்சிருக்கு, படிச்சவங்க கையால திறந்தா நல்லா ஓடும்" என்றாள். அவளும் சிரித்தாள், தெருவும் சிரித்தது.

படிக்கட்டிலும் இல்லை. அம்மா வீட்டில் ஒரு பொருளையும் விட்டுவைக்கவில்லை. அலமாரி காலி. அப்பாவின் கிழிந்த ஜெபப் புத்தகப் பக்கங்களைக்கூட வருடா வருடம் போல ஒரு மாவுப் பையில் கட்டி ஜெப ஆலயத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். எங்கள் வீட்டில் இப்போது நாங்கள் இருவரும் சுவர்களும் மட்டும்தான்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எழுத்து தெரியாது. அவள் வளர்ந்த மலைக் கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் கடிதத்தில் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. அவள் பதினாறு வருடம் துவைத்த துணியில்தான் என் படிப்பு வந்தது.

உங்கள் மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை என்பதும் தெரியும். ஏனென்றால் ஓடுகளைப் பார்த்த அன்றே நான் அதைவிட மோசமாகப் பேசிவிட்டேன். "உனக்கு நாலு எழுத்து தெரிஞ்சிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டே" என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அன்றிலிருந்து பண்டிகையைப் பற்றிப் பேசுகிறாள், உப்பு தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசுகிறாள். ஓடு என்று நான் வாயெடுத்தால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறாள்.

உங்கள் இழுப்பறையில் இருக்கும் தாளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒரு தாள் எழுதினீர்கள் என்பதே எனக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். ஆனால் போதாது. அந்த வேலை எனக்கு வேண்டும்.

ருஹாமா எல்கயாம்

*

எருசலேம்
11 ஏப்ரல் 1976

செல்வி எல்கயாம்,

கேள்வியை நான் கேட்ட விதம் சரியில்லை. தேய்த்தவர் எழுத்தைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்வாரா என்றுதான் அறிய விரும்பினேன், அவரைத் தாழ்த்த அல்ல. எங்கள் வீட்டில் பஸ்காவுக்கு யாரும் எதையும் தேய்த்ததில்லை. என் தாயார் பியானோ வாசிப்பார். ரொட்டித் துணுக்கு அதன் பாட்டுக்குக் கிடக்கும். ஆகவே இந்த விஷயத்தில் என் அறிவு மிகக் குறைவு.

ஓடுகள் பத்திரமாக வந்தன. துவாலைகளைத் திருப்பி அனுப்புவேன்.

மூன்று நாள் உட்கார்ந்து அறுபத்திரண்டையும் பார்த்தேன். விளக்கடியில், ஈரத்தில், லென்ஸ் வைத்து. எதிலும் மையின் சுவடு இல்லை. அழிக்கப்பட்ட மைகூட ஒரு சாயலை விட்டுச்செல்லும், அதுவும் இல்லை. எந்த ஓட்டின் விளிம்பும் என் மேல்பாதியோடு பொருந்தவில்லை. ஆகவே எனக்கு வேண்டியது அறுபத்து மூன்றாவது. அது அழிந்துபோகவில்லை, காணவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நேற்று மாலை தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

இன்னொன்று. நாற்பது வருடமாகக் கழுவிய ஓடுகளைப் பார்க்கிறேன். மாணவர்கள் முன்பக்கத்தைக் கழுவுவார்கள், உடைந்த விளிம்பில் மண்ணை விட்டுவிடுவார்கள். இந்த அறுபத்திரண்டில் ஒவ்வொன்றின் ஒவ்வொரு விளிம்பும் சுத்தம். கைப்பிடித் துளைக்குள்கூட துணித்திரி விட்டு எடுத்திருக்கிறார். இப்படித் தேய்க்கும் ஒருவர் கைதவறி ஒரு துண்டைத் தொலைக்கமாட்டார். ஒன்று குறைகிறது என்றால் அதை அவர் வேண்டுமென்றே தனியே எடுத்து வைத்திருக்கிறார்.

அவரிடம் "எங்கே தொலைத்தாய்" என்று கேட்காதீர்கள். "எதைத் தேய்க்காமல் விட்டாய்" என்று கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டிய வேறு ஒரு வார்த்தை இருக்கிறது என்று நினைக்கிறேன். அது என் துறையல்ல.

கெ. ஹிர்ஷ்

*

யெருஹாம்
23 ஏப்ரல் 1976

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் உட்கார்ந்து படிக்கலாம். ஓடு கிடைத்துவிட்டது. முழுசாக இருக்கிறது. மை இருக்கிறது.

உங்கள் கடிதம் பண்டிகைக்கு முந்தின நாளே வந்தது. ஆனால் நான் ஒரு கோழை. ஏழு நாளும் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து புளிப்பில்லாத அப்பத்தைத் தின்றேன், கேட்கவில்லை. நேற்று பஸ்கா முடிந்த மறுநாள், மிமூனா பண்டிகை. எங்கள் தெருவில் அன்று எந்தக் கதவும் சாத்தியிருக்காது. காலையில் அம்மா கல்லில் மெல்லிய முஃப்லெத்தா அப்பங்கள் சுட்டுக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொன்றிலும் வெண்ணெயும் தேனும் தடவிக்கொண்டிருந்தேன். அவள் முகம் அடுப்பைப் பார்த்திருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது.

"அம்மா, அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"என்னிக்கு?"

"எழுத்து பத்தி."

"ஓ, அதுவா. தப்பு இல்லையே. எனக்கு எழுத்து தெரியாதுதான். தேனைக் கொஞ்சமாப் போடு."

கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் சொன்னபடியே கேட்டேன். "அம்மா, அதுல எதை நீ தேய்க்காம விட்டே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் கேட்கத் தோணுச்சா? இது யார் சொல்லிக் குடுத்த கேள்வி?"

"எருசலேம் டாக்டர் அம்மா."

"அவங்களுக்கு மூளை இருக்கு" என்றாள். பிறகு சொன்னாள். நான் அப்படியே எழுதுகிறேன்:

"துணியை முதல்ல நனைச்சுத்தான் பார்ப்போம். ரத்தக்கறையா, எண்ணெய்க்கறையா, பார்க்காம சோப்பு போட்டா கறை நின்னுடும். அதே மாதிரி ஒவ்வொண்ணா நனைச்சேன். ஒண்ணுல மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி கறுப்பா வரி வரியா வந்துச்சு. வெயில்ல காட்டினா மறைஞ்சு போச்சு. மறுபடி நனைச்சா மறுபடி வந்துச்சு. எழுத்து. எழுத்துல ஆண்டவரோட பேர் இருந்துட்டா? அது மேல சோப்பு போடுவேனா நான்? கும்பிட்டு, உங்கப்பா புத்தகப் பக்கத்துல சுத்தி, மாவுப் பையில போட்டுட்டேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எழுத்து தெரியாதவ எழுத்தைப் பத்தி உன்கிட்ட எதுக்குச் சொல்றது? அதான் ரேடியோ கேட்டேன்."

கல்லில் இருந்த முஃப்லெத்தா கருகியது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மாவுப் பை ஜெப ஆலயத்தில் இருந்தது. அம்மாவும் நானும் உடனே அங்கே போனோம். பழுதான பக்கங்களை எல்லாம் அங்கே ஒரு சாக்கில் சேர்த்து வைப்பார்கள். லாக் பஓமர் திருநாள் அன்று ஊர்வலமாகக் கொண்டுபோய் மண்ணில் அடக்கம் செய்வார்கள். இன்னும் மூன்றரை வாரம் தாமதித்திருந்தால் அது மறுபடி பூமிக்குள் போயிருக்கும், நாங்கள் எங்கே தோண்டுவது?

ஆலயத்துக் குரு ஹகாம் மக்லூஃப் சாக்கைத் திறக்க ஒப்புக்கொள்ளவே இல்லை. "உள்ளே போனது போனதுதான், மஸ்ஊதா" என்றார் அம்மாவிடம். "அதுவுமில்லாம அன்னிக்கே பார்த்தேன். அது நம்ம எழுத்தே இல்ல. யாரோ கிறுக்கினது. உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் வாங்கி வெச்சேன்."

"உங்களுக்கு அந்த எழுத்து தெரியாது, நம்ம எழுத்து தெரியும். அதனால அதைக் கிறுக்கல்ங்கறீங்க. எனக்கு அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஹகாம். யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கான். சாக்கைத் திறங்க" என்றாள் அம்மா.

அவர் ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு திறந்தார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஆலயத்துக் கைகழுவும் குவளையில் நானே முக்கினேன். ஐந்து வரி எழும்பி வந்தது. பழைய வடிவ எழுத்துகள், எனக்கு இரண்டு மூன்றுதான் அடையாளம் தெரிந்தன. ஹகாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அம்மா, "நான் சொல்லல?" என்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று பார்க்க அம்மா என் முகத்தைத் திருப்பினாள். இரண்டும்தான்.

திங்கட்கிழமை நானே எடுத்து வருகிறேன். பேருந்தில் யாரிடமும் கொடுத்து அனுப்பமாட்டேன்.

ருஹாமா

*

எருசலேம்
4 மே 1976

அன்புள்ள ருஹாமா,

நீங்கள் வந்த அன்று நான் சரியாகப் பேசவில்லை. கையில் வாங்கியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை. இரண்டு ஊமைகள் தேநீர் குடித்ததாக என் உதவியாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு பாதிகளும் மயிரிழைகூட விலகாமல் பொருந்துகின்றன. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படித்துவிட்டேன். குழுவுக்கு வாய்மொழியாகத்தான் சொன்னேன், நீங்கள் உங்கள் தாயாருக்குப் படித்துக்காட்டிய பிறகுதான் அச்சடித்துத் தருவேன்:

"—இதுதான். கிழக்கு வாசல் பாறையில் என் காவல். பகலில் அந்தப் பாறை சுடுகிறது. என் செருப்பு அறுந்துவிட்டது. தைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. என் தலைவன் ஒரு ஜோடி அனுப்பட்டும். இறைவன் உமக்குச் சமாதானத்தைக் காட்டுவாராக."

ஆம், அவருடைய பெயர் இருக்கிறது. கடைசி வரியில். உங்கள் தாயார் சோப்பு போடாதது நியாயம்தான்.

ராஜாக்களின் படையெடுப்பு ஏதாவது இருக்கும் என்று குழுவில் சிலர் எதிர்பார்த்தார்கள். செருப்பு என்றதும் முகம் சுருங்கியது. எனக்கு அப்படியில்லை. இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் ஒருவன் கால் சுடுகிறது என்று எழுதியிருக்கிறான். நடுவில் யாரும் திருத்தவில்லை.

நேற்றைய கூட்டத்துக்கு இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப்போனேன். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சொன்னேன். தலைவர் கத்தினார், பிறகு ஓட்டைப் பார்த்தார், பிறகு கத்தவில்லை. கிடங்குக் குழாயைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார். உதவிப் பதிவாளர் வேலை உங்களுடையது. ஜூன் முதல் தேதி வந்துவிடுங்கள்.

பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது: இடம், அறை, பெட்டி எண், அளவு. கண்டுபிடித்தவர்: ருஹாமா எல்கயாம்.

கெர்டா ஹிர்ஷ்

துவாலைகள் தனியாக வருகின்றன. எங்கள் பக்கத்துச் சலவைக்காரர் உங்கள் தாயார் அளவுக்கு இல்லை.

*

யெருஹாம்
7 மே 1976

அன்புள்ள டாக்டர் கெர்டா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். மூன்று முறை. முதல் முறை மேல்பாதியையும் சேர்த்துப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தனை கும்பிடு போட்டு, கடைசியில செருப்பா கேட்டான்? முதல் வரியிலேயே கேட்டிருக்கலாமே. உன்னை மாதிரியே இருக்கான்."

இரண்டாம் முறை சிரிக்கவில்லை. "அனுப்பினாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. பதில் கடிதம் கிடைக்கல."

"நீங்கதான் தோண்டுறீங்களே. நல்லாத் தோண்டிப் பாருங்க."

வேலைக்கு நன்றி. ஜூன் முதல் தேதி வருகிறேன். அம்மா இப்போதே என் இரண்டு பாவாடைகளுக்கும் கஞ்சி போட்டுவிட்டாள். ஸுலைகா அத்தை தெரு முழுக்க, "நம்ம ருஹாமா எருசலேம்ல ராஜாக்களுக்குக் கணக்கெழுதப் போறா" என்று சொல்லிவிட்டாள். திருத்திப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

ஹகாம் மக்லூஃபின் நிபந்தனையைச் சொல்ல வேண்டும். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தால் அதற்குப் பதில் ஒன்று உள்ளே போக வேண்டும் என்றார். அம்மாவுக்கும் அதுதான் உறுத்துகிறது. சேர்த்துவைத்த ஓட்டின் புகைப்படம் ஒன்று அனுப்ப முடியுமா? பின்பக்கத்தில் அந்த வரிகளை உங்கள் கையால் இப்போதைய எழுத்தில் எழுதித் தாருங்கள். லாக் பஓமருக்கு முன், அதாவது பதினேழாம் தேதிக்குள் வந்தால் அதை அப்பாவின் பக்கங்களோடு சேர்த்து அடக்கம் செய்துவிடுவோம். ஹகாம் தினமும் கேட்கிறார். அந்த மனிதனின் பெயர் என்ன என்றும் கேட்டார். ஜெபத்தில் சொல்லப்போகிறாராம்.

இது அம்மாவின் வேண்டுகோள். இன்னொன்று என்னுடையது. மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். மிக்னேயா ஐந்து வரியில் கேட்டுவிட்டான், எனக்கு இத்தனை கடிதம் ஆகியிருக்கிறது.

பதிவேட்டில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியதாகச் சொன்னீர்கள். நான் அன்று பேர் ஷேவா நூலகத்தில் இருந்தேன். தண்ணீரில் முக்கியது நான் இல்லை. வெயிலில் காட்டியது நான் இல்லை. சாக்கைத் திறங்க என்று சொன்னதும் நான் இல்லை. உங்கள் தேநீர் மேசையில் எதிரில் உட்கார்ந்திருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "பதிவேட்டுல என் பேர் எதுக்கு? போலீஸா?" என்றாள். பிறகு, "பேர் போட்டா எப்படி இருக்கும், எழுதிக் காட்டு" என்றாள். மாவு டப்பாவின் மேல் எழுதிக் காட்டினேன். அதை இன்னும் அவள் துடைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் துடைக்காமல் விட்ட இரண்டாவது எழுத்து அது.

என் பெயரை எடுத்துவிட்டு அங்கே மஸ்ஊதா எல்கயாம் என்று எழுதுங்கள். சுரண்டி அழிக்க வேண்டாம். மேலே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதுங்கள். அடித்தது தெரியட்டும்.

ருஹாமா